செஸ்டர் இடத்தில் எமிலி: லிங்கின் பார்க் 'ஃப்ரம் ஸீரோ' ஆல்பத்தில் என்ன செய்தது?

2024 ஆகஸ்ட் கடைசியில் லிங்கின் பார்க் இணையதளத்தில் ஒரு கவுன்ட்டவுன் கடிகாரம் தோன்றியது. 100 மணி நேரம். உலகம் முழுக்க ரசிகர்கள் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூஜ்யம் வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. அதற்குப் பதிலாகக் கடிகாரம் மேல்நோக்கி ஓட ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று...

'என்னய்யா கலாய்க்கிறீங்களா' என்றுதான் பல பேர் திட்டினார்கள். செப்டம்பர் 5-ம் தேதி லைவ் ஸ்ட்ரீமைப் பார்த்த பிறகுதான் அதன் அர்த்தம் புரிந்தது. மேடையில் மைக் ஷினோடா பாட ஆரம்பிக்கிறார். பாட்டு புதுசு. முதல் சரணம், பல்லவி எல்லாம் அவர்தான். இரண்டாவது சரணத்தில் ஒரு பெண் குரல் நுழைகிறது. எமிலி ஆம்ஸ்ட்ராங். ஏழு வருடங்களாகக் காலியாக இருந்த இடத்தில் ஒரு ஆள் வந்து நின்றுவிட்டார்.

அந்த இடம் யாருடையது என்று தெரியாதவர்களுக்கு மட்டும்: செஸ்டர் பெனிங்டன். 2017 ஜூலை 20 அன்று, 41 வயதில் தற்கொலை செய்துகொண்ட பாடகர். (மனம் தாங்க முடியாத நிலையில் இருந்தால் யாரிடமாவது பேசுங்கள். மத்திய அரசின் டெலி-மானஸ் உதவி எண்: 14416. எந்த நேரத்திலும் அழைக்கலாம்.)

அடுத்த இரண்டு மாதங்களில், 2024 நவம்பர் 15-ல், 'ஃப்ரம் ஸீரோ' ஆல்பம் வெளியானது. அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலில் இரண்டாம் இடம், பிரிட்டனில் முதலிடம். வணிகக் கணக்கு அவ்ளோதான். இந்தக் கட்டுரை வேறொரு கேள்வியைப் பற்றியது. ஒரு பேண்டின் அடையாளமே ஒரு குரல் என்று இருக்கும்போது, அந்தக் குரல் இல்லாமல் அதே பெயரில் பாட்டு போட முடியுமா? போடலாமா?

மெமரி கார்டு காலம்

சென்னையில் இருந்துகொண்டு ஒரு கலிஃபோர்னியா பேண்டைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை என்று கேட்கலாம். என் பெரியம்மா பையன் பொறியியல் படித்தபோது அவர் ஹாஸ்டல் அறையில் ஓடிய இரண்டே வகைப் பாட்டு: ஒன்று ரஹ்மான், இன்னொன்று லிங்கின் பார்க். பேருந்து நிலையம் பக்கத்தில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரும் கடை ஒன்று இருந்தது. அங்கே 'இங்கிலீஷ் ஹிட்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் கேட்டால் அதில் 'நம்ப்', 'இன் தி எண்ட்' இரண்டும் கண்டிப்பாக இருக்கும். வரிகள் முழுசாகப் புரிந்ததா என்றால், இல்ல. ஆனால் அரியர் ரிசல்ட் வந்த ராத்திரி எந்தப் பாட்டைப் போட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அப்போது பத்து வயதுகூட இல்லை. ஹெட்போனின் ஒரு பக்கத்தை என் காதில் வைத்துவிடுவார்.

இந்த பேண்ட் இங்கே இவ்வளவு தூரம் வந்ததற்குக் காரணம் அதன் கலவை. ராக் கிடார், ஹிப்ஹாப் ராப், டிஜே ஸ்கிராட்ச், எலக்ட்ரானிக் சத்தங்கள் எல்லாம் மூன்றரை நிமிடத்துக்குள். 2000 அக்டோபரில் வந்த முதல் ஆல்பம் 'ஹைப்ரிட் தியரி' அமெரிக்காவில் மட்டும் 12 மடங்கு பிளாட்டினம் சான்றிதழ் வாங்கியது. அதாவது ஒரு கோடியே 20 லட்சம் பிரதிகளுக்குச் சமம். 2003-ல் 'மீட்டியோரா'. ஷினோடா அடங்கிய குரலில் ராப் செய்வார். ஒருவன் தனக்குள் முனகிக்கொள்வது போல. பல்லவி வந்ததும் செஸ்டர் வெடிப்பார். முனகியவனுக்குள் அடைபட்டிருந்தது வெளியே வந்த மாதிரி இருக்கும். இந்த இரண்டு குரல் அமைப்புதான் பேண்டின் முதுகெலும்பு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பாடகர் மாறுவது இது முதல் தடவை இல்ல

'செஸ்டர் இல்லாமல் லிங்கின் பார்க்கே இல்லை' என்று சொல்பவர்கள் பெரும்பாலும் மறந்துவிடும் ஒரு விஷயம் உண்டு. செஸ்டரே இந்த பேண்டில் இரண்டாவது பாடகர்.

1996-ல் இவர்கள் ஆரம்பித்தபோது பெயர் 'ஸீரோ'. ஆங்கிலத்தில் எக்ஸ் எழுத்தில் தொடங்கும் ஸீரோ. பாடியவர் மார்க் வேக்ஃபீல்ட் என்பவர். ரெக்கார்டிங் ஒப்பந்தம் எதுவும் அமையவில்லை, அவர் விலகினார். பாடகர் தேடியபோது அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரத்தில் இருந்த ஒரு இளைஞருக்கு டெமோ டேப் போனது. 1999 மார்ச் 20, அன்று அவருக்கு 23-வது பிறந்தநாள். கொண்டாட்டத்தை விட்டுவிட்டு ஸ்டூடியோவுக்குப் போய் அந்த டேப்பின் மேல் தன் குரலைப் பதிவு செய்தார் செஸ்டர். பிறகு அவர் கலிஃபோர்னியா வந்து சேர்ந்தார். பேண்டின் பெயர் 'ஹைப்ரிட் தியரி' ஆகி, கடைசியில் 'லிங்கின் பார்க்' ஆனது. சான்டா மோனிகாவில் இருந்த லிங்கன் பார்க்கின் பெயர்தான் அது. வெப்சைட் முகவரி கிடைப்பதற்காக எழுத்தை மாற்றிக்கொண்டார்கள்.

இப்போது ஆல்பத்தின் தலைப்பைப் பாருங்கள். 'ஃப்ரம் ஸீரோ' என்றால் பூஜ்யத்திலிருந்து. கூடவே, 'ஸீரோ' என்ற அந்தப் பழைய பேண்டிலிருந்து. முதல் டிராக் அரை நிமிடம்கூட இல்லாத ஒரு இன்ட்ரோ. கோரஸ் போல ஒரு ஒலி, அதன் பின்னால் ஸ்டூடியோவில் இந்தச் சிலேடை எமிலிக்குப் பிடிபடும் பேச்சுத் துணுக்கு. பெரிய அறிவிப்பு எதுவும் இல்லை. ஒரு சின்ன ஜோக்கோடு ஆல்பம் தொடங்குகிறது. எனக்கு அந்த முடிவு பிடித்திருந்தது.

செஸ்டர் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. 2013-ல் ஸ்டோன் டெம்பிள் பைலட்ஸ் என்ற இன்னொரு பெரிய ஆல்டர்நேட்டிவ் ராக் பேண்ட், தன் பாடகர் ஸ்காட் வைலாண்டை நீக்கியது. அந்த இடத்துக்குப் போனவர் யார் தெரியுமா? செஸ்டர் பெனிங்டன். சின்ன வயதிலிருந்து அவர் ரசித்த பேண்ட் அது. 'ஹை ரைஸ்' என்று ஐந்து பாட்டு கொண்ட ஒரு இ.பி.யும் வந்தது. 2015 நவம்பரில் லிங்கின் பார்க்கில் கவனம் செலுத்துவதற்காக விலகினார். அடுத்த மாதமே வைலாண்ட் இறந்துபோனார்.

அதாவது, இன்னொருவர் பாடிப் புகழ்பெற்ற பாட்டை, 'நீ அவர் இல்லையே' என்ற முகத்தோடு நிற்கும் கூட்டத்துக்கு முன்னால் பாடுவது எப்படி இருக்கும் என்று செஸ்டருக்கே தெரியும். எமிலியை 'உனக்கு என்ன தகுதி' என்று கேட்டவர்களில் எத்தனை பேர் இதை யோசித்திருப்பார்கள்?

ஏழு வருடம் என்ன நடந்தது?

2017 அக்டோபர் 27 அன்று லாஸ் ஏஞ்சலீஸின் ஹாலிவுட் பௌலில் செஸ்டருக்கு அஞ்சலி நிகழ்ச்சி நடந்தது. நிறையப் பாடகர்கள் வந்து ஆளுக்கு ஒரு பாட்டு பாடினார்கள். 'நம்ப்' வந்தபோது மட்டும் யாரையும் நிறுத்தவில்லை. பூ சுற்றிய ஒரு மைக் மட்டும் மேடையில் நின்றது. பாட்டு முழுக்கக் கூட்டம் பாடியது. வீடியோ இன்றும் யூடியூபில் இருக்கிறது. ஆபீஸில் உட்கார்ந்து பார்க்காதீர்கள்.

அதற்குப் பிறகு ஷினோடா 2018-ல் 'போஸ்ட் ட்ராமாட்டிக்' என்று தனி ஆல்பம் போட்டார். 2023-ல் மீட்டியோராவின் 20-ம் ஆண்டுப் பதிப்பில், அப்போது பதிவு செய்து வெளியிடாமல் விட்ட 'லாஸ்ட்' வெளியானது. செஸ்டர் குரலில் ஒரு 'புதிய' பாட்டு. இன்றைய தொழில்நுட்பத்தில் இந்த வழியிலேயே பல வருடம் ஓட்டியிருக்கலாம். பழைய டேப்புகள், ஏஐ குரல், ஹோலோகிராம். காசும் வந்திருக்கும். அவர்கள் அதைச் செய்யவில்லை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

புதுப் பாடகருக்கு ஆடிஷனும் வைக்கவில்லை. எமிலி, டெட் சாரா என்ற லாஸ் ஏஞ்சலீஸ் பேண்டின் பாடகி; 2012-ல் வந்த 'வெதர்மேன்' அவர்களின் பெயர் சொல்லும் பாட்டு. ஷினோடாவும் நண்பர்களும் சில வருடங்களாகப் பலரோடு சேர்ந்து சும்மா பாட்டு எழுதிப் பார்த்திருக்கிறார்கள். அதில் எமிலியும் காலின் பிரிட்டன் என்ற தயாரிப்பாளரும் திரும்பத் திரும்ப வந்திருக்கிறார்கள். பிரிட்டன் இப்போது பேண்டின் டிரம்மர். பழைய டிரம்மர் ராப் போர்டன் தனக்கு இதிலிருந்து தூரம் வேண்டும் என்று சில வருடங்களுக்கு முன்பே சொல்லிவிட்டார். கிடாரிஸ்ட் பிராட் டெல்சன் ஸ்டூடியோவில் இருக்கிறார். டூருக்கு வருவதில்லை, மேடையில் அவருக்குப் பதில் அலெக்ஸ் ஃபெடர் வாசிக்கிறார். பழைய ஆறு பேரில் மேடையில் மிச்சம் மூன்று பேர்: ஷினோடா, பாஸ் வாசிக்கும் டேவ் ஃபாரெல், டிஜே ஜோ ஹான்.

எல்லாரும் கைதட்டவில்லை. செஸ்டரின் மகன்களில் ஒருவர் சமூக வலைதளத்தில் வெளிப்படையாகவே கோபப்பட்டார். இப்படி ஒரு முடிவு எடுத்தால் தங்களிடம் சொல்வதாக இருந்தது, சொல்லவில்லை என்று செஸ்டரின் அம்மா பேட்டியில் வருத்தப்பட்டார். பாலியல் வன்கொடுமை வழக்கில் பின்னர் தண்டிக்கப்பட்ட ஒரு நடிகருக்கு ஆதரவாக எமிலி நீதிமன்றம் போனதும் மறுபடி பேசப்பட்டது. ஆரம்ப விசாரணை ஒன்றுக்கு மட்டும் போனேன், போயிருக்கவே கூடாது என்று சீக்கிரம் புரிந்தது, அதன் பிறகு அவரோடு பேசவே இல்லை என்று எமிலி விளக்கம் கொடுத்தார். சிலருக்கு அது போதுமானதாக இருந்தது, சிலருக்கு இல்லை. ஆல்பம் நன்றாக இருக்கிறது என்பதால் இந்தக் கேள்விகள் ஒன்றும் இல்லாமல் போய்விடாது. அந்த அம்மாவின் வருத்தத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது பாட்டு அல்ல.

சரி, ஆல்பம் எப்படி?

11 டிராக், மொத்தமே சுமார் 32 நிமிடம். தி.நகரிலிருந்து சோழிங்கநல்லூர் போவதற்குள் ஒன்றரை முறை கேட்டுவிடலாம். டிராஃபிக் இருந்தால் மூன்று முறை.

முதல் சிங்கிள் 'தி எம்ப்டினெஸ் மெஷின்' கட்டப்பட்டிருக்கும் விதத்தைக் கவனியுங்கள். ஆரம்பத்தில் சொன்னேன் இல்லையா, முதலில் ஷினோடாதான் பாடுகிறார். 24 வருடமாகக் கேட்ட குரல். காது நிம்மதி அடைகிறது. அதன் பிறகுதான் எமிலி. தெரிந்த ஆள் தெருமுனை வரைக்கும் வந்து நம்மை வீட்டுக்கு அழைத்துப்போவது மாதிரி. கடைசிப் பல்லவியில் இரண்டு குரலும் சேரும்போது, 'இது யார்' என்ற கேள்வியைக் காது கேட்பதில்லை. மனசு கேட்கலாம், அது வேறு.

என் அண்ணன் இந்தப் பாட்டை இரண்டாவது சரணம் வரைக்கும் கேட்டுவிட்டு நிறுத்திவிட்டார். "நல்லாத்தான்டா இருக்கு. அதான் பிரச்சினை" என்றார்.

முன்பு சொன்ன முதுகெலும்பு இங்கேதான் வருகிறது. லிங்கின் பார்க் ஆரம்பத்திலிருந்தே ஒரே குரலில் நின்ற பேண்ட் இல்லை. இரண்டு குரலுக்கு நடுவில் நடக்கும் உரையாடல்தான் அதன் பாட்டு. ஒரு குரல் போனதும் மிச்சம் இருந்தது பாதி உரையாடல். எமிலி அந்தப் பாதிக்குப் பதில் சொல்கிறார். செஸ்டர் சொன்ன பதிலையே திருப்பிச் சொல்லவில்லை. அவர் தொண்டையிலும் கரகரப்பு உண்டு, கத்தலும் உண்டு. ஆனால் செஸ்டர் கத்தும்போது உள்ளே ஏதோ உடையும். எமிலி கத்தும்போது எதையோ உடைக்கிறார். வலியைவிட எரிச்சல் அதிகம். 'ஹெவி இஸ் தி கிரவுன்' கேட்டால் வித்தியாசம் தெரியும். லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் உலகப் போட்டிக்கு 2024-ல் தீம் பாட்டாகப் பயன்பட்டது இது. அதில் எமிலி மூச்சு விடாமல் இழுக்கும் ஒரு நீண்ட அலறல், 2007-ன் 'கிவன் அப்' பாட்டில் செஸ்டர் 17 விநாடி இழுத்ததை வேண்டுமென்றே நினைவுபடுத்துகிறது. 'இதுவும் என்னால முடியும், அடுத்த கேள்வி?' என்பது போல.

'ஓவர் ஈச் அதர்' முழுக்க எமிலியின் பாட்டு. ஒரு உறவில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டே இருப்பது, யாரும் கேட்காமல் இருப்பது பற்றியது. வீடியோவை ஜோ ஹான் தென்கொரியாவில் எடுத்தார். ஆல்பத்திலேயே எமிலி யாருடைய இடத்திலும் நிற்காமல் தன் இடத்தில் நிற்பது இங்கேதான் என்பேன். 'கேஷுவால்ட்டி' ஹார்ட்கோர் பங்க் வேகத்தில் ஓடுகிறது. அடங்கிப் பேசும் ஷினோடாவே அதில் கத்துகிறார். 'டூ ஃபேஸ்ட்' கேட்டால் 2000-த்துக்கே போய்விடலாம்: அதே கிடார், அதே டிஜே ஸ்கிராட்ச்.

எனக்கு இருக்கும் குறையும் அதுதான். 2010-ல் 'எ தௌசண்ட் சன்ஸ்' போட்டபோது ரசிகர்கள் திட்டினாலும் பரவாயில்லை என்று கிடாரை ஓரம் வைத்த பேண்ட் இது. இந்த ஆல்பம் அந்த மாதிரி ரிஸ்க் எதையும் எடுக்கவில்லை. மந்தமான தாளத்தில் மிதக்கும் 'ஓவர்ஃப்ளோ' ஒன்றுதான் ஜன்னலைத் திறந்து வெளியே பார்க்கிறது. 'ஸ்டெய்ன்ட்' வானொலிக்காகச் செய்த பாட்டு மாதிரி வந்துபோகிறது. புதுக்குரல் என்பதே பெரிய மாற்றம், மற்றதெல்லாம் பழகினதாக இருக்கட்டும் என்று யோசித்திருப்பார்கள் போல. புரிகிறது. ஆனால் அடுத்த ஆல்பத்தில் இந்தச் சலுகை கிடையாது.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

ராக் வரலாற்றில் இதற்கு ஒரே பதில் இல்லை. ஏசி/டிசி-யின் பான் ஸ்காட் 1980 பிப்ரவரியில் இறந்தார். ஜூலையிலேயே பிரையன் ஜான்சனோடு 'பேக் இன் பிளாக்' வந்துவிட்டது, உலகின் மிக அதிகம் விற்ற ஆல்பங்களில் ஒன்றானது. ஜாய் டிவிஷன் தன் பாடகரை இழந்ததும் பெயரையே விட்டுவிட்டு நியூ ஆர்டர் ஆனது. நிர்வாணா கடையை மூடியது. ஆர்.இ.எம்.மில் போனது பாடகர்கூட இல்லை, டிரம்மர் பில் பெரி. அவர் 1997-ல் விலகியதும், மிச்சம் மூன்று பேரும் டிரம் மெஷின்களையும் வெளி டிரம்மர்களையும் வைத்து 'அப்' என்ற விநோதமான, அழகான ஆல்பத்தைச் செய்தார்கள். அதைச் செய்யும்போது பேண்டே உடையப் பார்த்தது.

லிங்கின் பார்க்குக்கு ரொம்பப் பக்கத்தில் வருவது ஆலிஸ் இன் செயின்ஸ். பாடகர் லேன் ஸ்டேலி 2002-ல் இறந்தார். ஏழு வருடம் கழித்து, 2009-ல் வில்லியம் டுவாலோடு 'பிளாக் கிவ்ஸ் வே டு புளூ' வந்தது. அங்கேயும் பேண்டின் அடையாளம் இரண்டு குரல்கள் இணையும் ஹார்மனி. கிடாரிஸ்ட் ஜெர்ரி கான்ட்ரெல் முன்னால் வந்து அதிகம் பாடினார், டுவால் சேர்ந்துகொண்டார். இப்போது ஷினோடா செய்வதும் ஏறக்குறைய அதையேதான்.

மேடையில்?

பழைய பாட்டுகளை எமிலி பாடுகிறார். ஆனால் எல்லாவற்றையும் இல்லை. 2017-ன் 'ஒன் மோர் லைட்' பாடுவதற்கு மிகவும் கனமாக இருக்கிறது என்று ஷினோடா பேட்டியில் சொன்னார். ரெக்கார்டிங் நிறுவனத்தில் இருந்த ஒரு தோழி புற்றுநோயில் இறந்தபோது எழுதிய பாட்டு அது. சில மாதங்களில் அதுவே செஸ்டருக்கான பாட்டாக மாறிவிட்டது. அதை எமிலி கையில் கொடுக்காமல் இருப்பது எமிலிக்கும் நல்லதுதான்.

2025 மே மாதம் டீலக்ஸ் பதிப்பில் மூன்று புதுப் பாட்டுகள் சேர்ந்தன. அதே மாதக் கடைசியில் மியூனிக்கில் சாம்பியன்ஸ் லீக் ஃபைனலுக்கு முன்னால் பாடினார்கள். பிறகு இந்தியாவுக்கும் அறிவிப்பு வந்தது: 2026 ஜனவரியில் பெங்களூரு, மும்பையில் லோலாபலூசா.

அந்த ஸ்கிரீன்ஷாட்டை அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நாள் புளூ டிக் மட்டும். மூன்றாவது நாள் ராத்திரி ஒரு வரி வந்தது.

"நம்ப் பாடுறாங்களா?"

பாடுறாங்க, பாதியைக் கூட்டம்தான் பாடுது என்று அனுப்பினேன். ஒரு லைவ் வீடியோ லிங்கும் சேர்த்து. காலையில் எழுந்து பார்த்தால் பதில் இல்லை. பெங்களூருக்கு டபுள் டெக்கர் ரயில் டிக்கெட் இருக்கிறதா என்று மட்டும் கேட்டிருந்தார்.